விமானந்தாங்கி என்று நினைத்து அடிக்கப்பட்ட எண்ணெய்க் கப்பல்

போர்க்கப்பல்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் நண்பர் வட்டத்தில் விடிய விடிய ஆள் இருக்கும். யமாட்டோவின் பீரங்கி எத்தனை அங்குலம், ஹூட் எத்தனை நிமிஷத்தில் மூழ்கியது, எல்லாம் விரல் நுனியில். "சரி, இதுக்கெல்லாம் நடுக்கடல்ல எண்ணெய் ஊத்துனது யாரு?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விடும். எண்ணெய்க் கப்பல்களுக்கு ரசிகர் மன்றம் கிடையாது.

இத்தனைக்கும் அந்தப் பெரிய கப்பல்களின் தலையெழுத்தை எத்தனையோ தடவை எண்ணெய்தான் எழுதியிருக்கிறது. 1941 மே 21-ஆம் தேதி நார்வேயில் பெர்கன் பக்கம் ஒரு பகல் பொழுது நின்ற பிஸ்மார்க், அங்கே எண்ணெய் நிரப்பிக்கொள்ளாமலே கிளம்பியது. கூட வந்த ப்ரின்ஸ் ஆய்கன் நிரப்பிக்கொண்டது. மூன்று நாள் கழித்து நடந்த சண்டையில் பிஸ்மார்க்கின் முன்பக்கம் அடிபட்டது. இருந்த எண்ணெயிலும் ஒரு பகுதியை எடுக்க முடியாமல் போனது. வேகத்தைக் குறைத்துக்கொண்டு பிரான்ஸ் கரையைப் பார்த்து ஓட வேண்டியதாயிற்று. அந்த ஓட்டத்தில்தான் சிக்கியது. பிஸ்மார்க்கைப் பற்றி நூறு புத்தகம் படித்தவர்கள்கூட இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவார்கள்.

இன்றைக்கு நான் எழுத உட்கார்ந்தது நியோஷோ என்ற அமெரிக்க எண்ணெய்க் கப்பலைப் பற்றி. கடற்படையில் இருந்தது மூன்று வருஷத்துக்கும் குறைவு. அதற்குள் அது பார்த்துவிட்டதை நினைத்தால் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

நியோஷோ என்பது கான்சாஸ், ஓக்லஹோமா மாநிலங்களில் ஓடும் ஓர் ஆறு. எண்ணெய்க் கப்பல்களுக்கு ஆற்றின் பெயரை வைப்பது அந்தக் காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் வழக்கம். நியூஜெர்சி மாநிலத்தின் கியர்னியில் 1938 ஜூனில் கட்ட ஆரம்பித்து, 1939 ஏப்ரலில் தண்ணீரில் இறக்கி, அதே ஆகஸ்டில் கடற்படையில் சேர்த்தார்கள். 553 அடி நீளம். கொள்ளளவு சுமார் 1,46,000 பீப்பாய். நம் ஊர் ரோட்டில் ஓடும் 12,000 லிட்டர் டேங்கர் லாரிகளில் ஊற்றினால் கிட்டத்தட்ட 1,900 லாரி வேண்டும்.

இந்தக் கப்பல் பிறந்ததற்குப் பின்னால் ஒரு கெட்டிக்காரத்தனமான பேரம் இருக்கிறது. முப்பதுகளின் கடைசியில் ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி புது டேங்கர்கள் கட்ட இருந்தது. வியாபாரத்துக்கு 12, 13 நாட் வேகம் தாராளம். எண்ணெய்க்கு என்ன அவசரம்? அரசாங்கம் குறுக்கே வந்து, "18 நாட் ஓடுகிற மாதிரி பெரிய எஞ்சின் போட்டுக் கட்டுங்கள், அதற்கு ஆகும் கூடுதல் செலவை நாங்கள் தருகிறோம், சண்டை வந்தால் கப்பலை எடுத்துக்கொள்வோம்" என்றது. அப்படிக் கட்டிய 12 கப்பல்களில் முதல் சிலவற்றைக் கடற்படை உடனேயே வாங்கிக்கொண்டது. சிமரான், நியோஷோ, பிளாட் மூன்றும் அதில் சேர்த்தி. 18 நாட் என்பது விமானந்தாங்கியின் வேகத்தில் பாதிக்குக் கொஞ்சம்தான் கூட. ஆனால் பழைய டேங்கர்களோடு ஒப்பிட்டால் படையோடு ஓரளவு சேர்ந்தே போகலாம். இந்த ஐந்து நாட் வித்தியாசத்துக்கு என்ன விலை என்பது பின்னால் வருகிறது.

அதற்கு முன், நடுக்கடலில் எண்ணெய் ஊற்றுவது எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

இரண்டு கப்பலும் நிற்பதில்லை. நின்றால் அலை இரண்டையும் தன் இஷ்டத்துக்குத் திருப்பிவிடும், நீர்மூழ்கிக்கும் வசதி. அதனால் பக்கத்தில் பக்கத்தில், ஒரே திசையில், ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டே ஊற்ற வேண்டும். அந்தக் காலத்தில் இடைவெளி சில சமயம் 20 மீட்டர்கூட இருக்காது. எண்ணெய்க் கப்பல் திசையையும் வேகத்தையும் மாற்றாமல் பிடித்துக்கொள்ளும். வாங்க வரும் கப்பல்தான் பின்னாலிருந்து மெல்ல ஏறிப் பக்கத்தில் வந்து சேர வேண்டும். முதலில் மெல்லிய நூல் மாதிரி ஒரு கயிற்றை எறிவார்கள், அல்லது துப்பாக்கியால் சுடுவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் பின்னால் தடித்த கயிறு வரும், அதன் பின்னால் வடம், அதைத் தொடர்ந்து தொட்டில் போன்ற தாங்கிகளில் தொங்கிக்கொண்டு குழாய். கூடவே ஒரு டெலிபோன் கம்பியும் போகும், இரண்டு கேப்டன்களும் பேசிக்கொள்ள.

இரண்டு உடம்புகளுக்கும் நடுவே தண்ணீர் நெருக்கிப் பாயும்போது அழுத்தம் குறைந்து, கப்பல்கள் ஒன்றையொன்று இழுக்கும். சுக்கான் பிடிப்பவர் அரை பாகை, ஒரு பாகை என்று திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியே மணிக்கணக்கில். நடு இடைவெளியில் அலை குவிந்து எழும்பி, டெக்கில் குழாய் பிடிக்கும் ஆட்களை இடுப்புவரை நனைக்கும். எண்ணெய் சிந்தினால் கால் நிற்காது. பக்கத்திலேயே ஆட்கள் கோடாலியோடு நிற்பார்கள். ஏதாவது ஆனால் கயிற்றை வெட்டிவிட்டுப் பிரிய வேண்டுமே.

இந்த முறைக்கு அமெரிக்காவில் வழி போட்ட ஆட்களில் ஒருவர் செஸ்டர் நிமிட்ஸ். 1917-இல் மாமி என்ற எண்ணெய்க் கப்பலில் அவர் பொறியியல் அதிகாரி. அந்த மே மாதம் அயர்லாந்துக்குப் போய்க்கொண்டிருந்த ஆறு நாசகாரிக் கப்பல்களுக்கு நடு அட்லாண்டிக்கில் எண்ணெய் ஊற்றிக் காட்டினார்கள். குழாய், வடம், கப்பி எல்லாம் கப்பல் ஆட்களே சேர்த்துக் கட்டியவை. 1939-இல் அதே நிமிட்ஸ், இப்போது ரியர் அட்மிரல், பெரிய போர்க்கப்பல்களுக்கும் இது ஒத்துவருமா என்று பசிபிக்கில் சோதித்துப் பார்த்தார். 1941-இன் கடைசி நாளில் பசிபிக் கடற்படையின் தலைமையே அவர் கைக்கு வந்தது. எண்ணெய்க் குழாயைத் தன் கையால் கட்டிப் பழகிய ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததை வெறும் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனசு வருவதில்லை.

நியோஷோவுக்கு வருவோம். 1941 நடுவில் மாற்று வேலைகள் முடிந்து, மேற்குக் கரையிலிருந்து பெர்ல் ஹார்பருக்கு விமானப் பெட்ரோல் சுமப்பதுதான் அதன் பிழைப்பு. டிசம்பர் 6-ஆம் தேதி ஒரு நடை பெட்ரோலோடு வந்து சேர்ந்து, ஃபோர்ட் தீவின் பெட்ரோல் துறையில் கட்டிக்கொண்டு, இரவு முழுக்க இறக்கியது. அந்தத் துறை எங்கே இருக்கிறது தெரியுமா? போர்க்கப்பல்கள் வரிசையாக நிற்கும் அதே கரையில். ஒரு பக்கம் கலிஃபோர்னியா. இன்னொரு பக்கம் ஓக்லஹோமாவும் மேரிலாண்டும் ஜோடியாக.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னே ஜப்பானிய விமானங்கள் வந்தன.

சரக்கு இறக்கி முடிந்திருந்தது. அப்பாடா என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் விஷயத்தில் நிறைந்த தொட்டியைவிடக் காலியான தொட்டிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். திரவம் போன இடத்தில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும், அதற்கு ஒரு பொறி போதும். பக்கத்தில் கரையில் தீவின் பெட்ரோல் கிடங்கு. சற்றுத் தள்ளி அரிசோனா வெடித்து எரிகிறது. ஓக்லஹோமா டார்பிடோக்கள் வாங்கிச் சில நிமிஷங்களில் குப்புறக் கவிழ்ந்து, அடிப்பாகம் வெளியே தெரிய நியோஷோவுக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. உள்ளே நூற்றுக்கணக்கான ஆட்கள்.

கேப்டன் ஜான் பிலிப்ஸ் இரண்டு விஷயத்தைக் கணக்குப் போட்டார். இங்கேயே நின்று தன் கப்பல் பற்றினால் கிடங்கும் சேர்ந்து போகும். தவிர, தான் நிற்கும் இடம் மேரிலாண்ட் வெளியேற வேண்டிய வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது. கரைக்கயிறுகளைக் கோடாலியால் வெட்டச் சொன்னார். இழுவைப் படகு கிடையாது. 553 அடிக் கப்பலை, கவிழ்ந்து கிடக்கும் போர்க்கப்பலில் உரசாமல், பின்பக்கமாக எடுத்துக் கால்வாய்க்குக் கொண்டுவந்து, துறைமுகத்தின் மறுகோடியான மெர்ரி பாயின்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். போகிற வழியெல்லாம் அதன் துப்பாக்கிகள் மேலே சுட்டுக்கொண்டே இருந்தன. மூன்று பேருக்குக் காயம். அவ்வளவுதான் சேதம்.

ஏறக்குறைய அதே நேரத்தில் நெவாடா என்ற போர்க்கப்பலும் கிளம்பியது. அடிபட்டுக்கொண்டே அது போனதைப் பற்றி எழுதாத பெர்ல் ஹார்பர் புத்தகம் இல்லை. நியோஷோ கிளம்பியதைத் தேடித்தான் படிக்க வேண்டும். பிலிப்ஸுக்கு நேவி கிராஸ் பதக்கம் கொடுத்தார்கள் என்பது ஒரு ஆறுதல்.

ஒரு சின்ன விலகல். அன்றைக்குக் கரையில் இருந்த பெரிய எண்ணெய்த் தொட்டிகளில் சுமார் 45 லட்சம் பீப்பாய் இருந்தது. ஜப்பானியர்கள் அதைத் தொடவே இல்லை. இத்தனைக்கும் அவர்களுடைய படையே வட பசிபிக்கின் குளிரிலும் அலையிலும் தங்கள் எண்ணெய்க் கப்பல்களிடம் ஊற்றி வாங்கிக்கொண்டுதான் ஹவாய் பக்கம் வந்து சேர்ந்தது. எண்ணெய் இல்லாமல் தாங்களே வந்திருக்க முடியாது என்று தெரிந்தவர்கள், எதிரியின் எண்ணெயை விட்டுவிட்டுப் போனது எனக்கு இன்றுவரை புரியாத கணக்கு.

வேகத்துக்கு விலை என்ன என்றேன் அல்லவா. பெர்ல் ஹார்பர் நடந்து இரண்டு வாரத்தில் வேக் தீவில் அமெரிக்கக் காவல் படை சுற்றி வளைக்கப்பட்டுத் தவித்துக்கொண்டிருந்தது. அதைக் காப்பாற்ற விமானந்தாங்கி சரடோகாவோடு ரியர் அட்மிரல் ஃபிராங்க் ஜாக் ஃபிளெட்சர் போனார். கூடப் போன எண்ணெய்க் கப்பல் நெச்சஸ், 13 நாட்கூடத் தாண்டாத பழைய வண்டி. மொத்தப் படையும் அதன் நடைக்கு நடக்க வேண்டியிருந்தது. டிசம்பர் 22-ஆம் தேதி நாசகாரிகளுக்கு எண்ணெய் ஊற்றுவதில் கழிந்தது. 23-ஆம் தேதி வேக் விழுந்தது. எண்ணெய் ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், மேலிடத்துத் தயக்கமும் உண்டு. ஆனால் அதுவும் ஒரு காரணம்.

அடுத்த மாதம், ஜனவரி 23-ஆம் தேதி, அதே நெச்சஸை ஹவாய்க்கு மேற்கே ஒரு ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. வேக் தீவைத் தாக்கப் போய்க்கொண்டிருந்த லெக்சிங்டனின் பயணம் அத்தோடு ரத்து. ஒரு கிழட்டு டேங்கர் போனதற்கு ஒரு விமானந்தாங்கிப் படையே வீடு திரும்பியது! லெக்சிங்டன் மறுபடி கிளம்பியபோது கூடப் போனது நியோஷோ.

இனி பவளக் கடல். 1942 ஏப்ரல் கடைசியில் ஜப்பானியர்கள் நியூ கினியாவின் போர்ட் மோர்ஸ்பியைப் பிடிக்க இறங்கி வந்தார்கள். தடுக்க ஃபிளெட்சர், யார்க்டவுன், லெக்சிங்டன் என்ற இரண்டு விமானந்தாங்கிகளோடு. எண்ணெய்க்கு நியோஷோவும் டிப்பகனோ என்ற பழைய கப்பலும். மே 6-ஆம் தேதி நியோஷோ யார்க்டவுனுக்கும் அஸ்டோரியா என்ற க்ரூசருக்கும் ஊற்றி முடித்தது. சண்டை நெருங்கிவிட்டதால், துணைக்கு சிம்ஸ் என்ற ஒரே ஒரு நாசகாரியைக் கொடுத்து, "நீங்கள் தெற்கே ஒதுங்கி இருங்கள்" என்று அனுப்பிவைத்தார்கள். பத்திரமான இடம் என்று நினைத்துத்தான்.

7-ஆம் தேதி காலை. ஜப்பானிய விமானந்தாங்கிகளான ஷோகாகு, சுய்காகுவின் வேவு விமானம் கீழே இரண்டு கப்பலைப் பார்த்தது. நீளமாக, தட்டையாக ஒன்று, பக்கத்தில் சின்னதாக ஒன்று. ஒரு விமானந்தாங்கி, ஒரு க்ரூசர் என்று தகவல் போயிற்று. உயரத்திலிருந்து பார்ப்பவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. டேங்கரின் பாலமும் புகைபோக்கியும் இருக்கிற இடத்தைக் கவனித்திருக்கலாம்தான். ஆனால் காலையிலிருந்து விமானந்தாங்கியையே தேடிக்கொண்டிருக்கிற கண்ணுக்குக் கடலில் தெரிவதெல்லாம் விமானந்தாங்கிதான்.

78 விமானங்கள் கிளம்பின. 18 ஜீரோ சண்டை விமானம், 36 குத்துக்குண்டு விமானம், 24 டார்பிடோ விமானம். தலைவர் தகாஹாஷி காகுயிச்சி. வந்து பார்த்தால் எண்ணெய்க் கப்பல். நிஜ விமானந்தாங்கி இங்கேதான் எங்கோ இருக்க வேண்டும் என்று இரண்டு மணி நேரத்துக்கு அக்கம்பக்கமெல்லாம் தேடினார்கள். இல்லை. டார்பிடோ விமானங்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, வெறுங்கையோடு போவானேன் என்று 36 குத்துக்குண்டு விமானங்களும் இறங்கின.

வேடிக்கை என்னவென்றால் அதே காலையில் அமெரிக்கர்களும் இதே தப்பைச் செய்தார்கள். யார்க்டவுனின் வேவு விமானி அனுப்பிய தகவலில் சங்கேதக் குழப்பம். க்ரூசர்களைப் பார்த்தது, இரண்டு விமானந்தாங்கிகள் என்று வந்து சேர்ந்தது. ஃபிளெட்சர் 93 விமானத்தை அனுப்பிவிட்டுத்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார். அவருக்கு அதிர்ஷ்டம், போகிற வழியில் ஷோஹோ என்ற சின்ன விமானந்தாங்கி மாட்டியது. அதை மூழ்கடித்தார்கள். தகாஹாஷிக்கு வழியில் எதுவும் மாட்டவில்லை.

நண்பகல் வாக்கில் தாக்குதல். சிம்ஸின் மேல் மூன்று குண்டு. இரண்டு எஞ்சின் அறையில் வெடித்தன. நடுவே முறிந்து சில நிமிஷங்களில் போய்விட்டது. பிழைத்தவர்கள் பதினைந்து பேர் அளவில்தான். ஒரு படகில் ஏறி நியோஷோவை நோக்கி வந்தார்கள். அந்தப் பக்கம் நிலைமை எப்படி இருந்தது என்று பார்த்தால், வந்தவர்கள் மேல் பரிதாபம் வரும்.

நியோஷோவின் மேல் ஏழு குண்டு நேராக விழுந்தது. அடிபட்ட ஒரு விமானம் எரிந்துகொண்டே வந்து பின்பக்கத் துப்பாக்கி மேடையில் மோதியது. பாய்லர்கள் வெடித்து எஞ்சின் அறையில் கொதிநீராவி. மின்சாரம் இல்லை. கப்பல் வலப்பக்கம் சாய்ந்து, நடுவில் முறியப்போகிற மாதிரி முனகுகிறது. பிலிப்ஸ் கொடுத்த உத்தரவு: கப்பலைவிட்டு இறங்கத் தயாராகுங்கள், ஆனால் காத்திருங்கள். தீயும் புகையுமாக இருந்த டெக்கில் அதன் பின்பாதி யார் காதிலும் ஏறவில்லை. தெப்பங்களைக் கடலில் தள்ளிவிட்டு ஏராளமானோர் குதித்துவிட்டார்கள். குதித்தவர்களைப் படகில் போய்த் திரும்பக் கூட்டிவரச் சொன்னார் பிலிப்ஸ். படகுகள் நிரம்பி வழிந்தன. தெப்பங்கள் காற்றில் விலகிப் போயின. இருட்டிவிட்டது. மறுநாள் தலை எண்ணிப் பார்த்தால் 150-க்கும் மேற்பட்டவர்களைக் காணோம்.

இங்கே ஆஸ்கர் பீட்டர்சனைச் சொல்லாமல் போக முடியாது. விஸ்கான்சினில் பிறந்தவர், நாற்பதைத் தாண்டியவர், பாய்லர் பகுதியின் மூத்த மாலுமி. அவருடைய பழுதுபார்ப்புக் குழுவில் மற்றவர்களுக்கெல்லாம் காயம். அவருக்கும் பலமாகத்தான் அடி. நீராவிக் குழாய்களின் வால்வுகளை மூட வேண்டும், மூடினால்தான் கப்பல் தாங்கும். தனியாகப் போய் மூடினார். உடம்பெல்லாம் வெந்துவிட்டது. சாவு உடனே வரவில்லை, மே 13-ஆம் தேதிதான் வந்தது. அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஹானர் அறிவித்தார்கள். அறிவித்து, மனைவிக்குத் தபாலில் அனுப்பினார்கள். முறைப்படி மேடை போட்டு அந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தது 2010-இல், இடாஹோவில். வாங்கிக்கொண்டது அவருடைய மகன்.

கப்பல் ஏன் மூழ்கவில்லை? முந்தின நாள்தான் தன் எண்ணெயில் கணிசமாக ஊற்றிக் கொடுத்திருந்தது. காலியான தொட்டிகள் மிதவையாக நின்றன. மிச்சத் தொட்டிகளில் இருந்த எண்ணெயும் தண்ணீரைவிட லேசானதுதான். டேங்கரின் உடம்பு முழுக்க அறை அறையாகத் தடுத்திருப்பதால் ஓட்டை விழுந்த இடத்தில் மட்டும்தான் நீர் ஏறும். பெர்ல் ஹார்பரில் எமனாக இருந்த அதே காலித் தொட்டிகள் இங்கே உயிர் பிடித்தன.

ஆனால் எங்கே மிதக்கிறோம் என்பதில் ஒரு பிழை. கப்பல் அனுப்பிய இடக்குறிப்புத் தப்பு, பல பத்து மைல் வித்தியாசம். 8-ஆம் தேதி தேடி வந்த மோனகன் என்ற நாசகாரி, சொன்ன இடத்துக்குச் சரியாகப் போய்ப் பார்த்தது. வெறும் கடல். இந்தப் பக்கம் பிலிப்ஸும் அவர் ஆட்களும் சாய்ந்த டெக்கில் நிற்க முடியாமல், உணவையும் தண்ணீரையும் அளந்து கொடுத்துக்கொண்டு, தினமும் இறப்பவர்களைக் கடலில் இறக்கிக்கொண்டு இருந்தார்கள். கப்பல் எந்த நேரமும் போகலாம் என்பதால் இருக்கிற படகுகளைப் பழுதுபார்த்து, பாய் கட்டி, ஆஸ்திரேலியா பக்கம் போகத் தயாரானார்கள். 10-ஆம் தேதி ஓர் ஆஸ்திரேலிய விமானம் பார்த்துவிட்டது. 11-ஆம் தேதி ஹென்லி என்ற நாசகாரி வந்து, சிம்ஸின் ஆட்களையும் சேர்த்து 123 பேரை ஏற்றிக்கொண்டது. பிறகு நியோஷோவை மூழ்கடிக்க டார்பிடோவும் பீரங்கியும் போட்டார்கள். அதற்கும் அது சீக்கிரத்தில் இணங்கவில்லை.

தெப்பங்களில் போனவர்கள்? 68 பேர் தெப்பங்களை ஒன்றோடொன்று கட்டிக்கொண்டு மிதந்தார்கள். வெயில், காயம், தாகம். சிலர் கடல் நீரைக் குடித்தார்கள், குடித்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே. 16-ஆம் தேதி ஹெல்ம் என்ற கப்பல் கண்டுபிடித்தபோது அந்த 68-இல் உயிரோடு இருந்தது நான்கு பேர்.

இனி என் கட்சியைச் சொல்கிறேன். சரித்திரம் எழுதுபவர்கள் பொதுவாக நியோஷோவை ஜப்பானியரின் வீணான அடி என்ற கணக்கில் வைப்பார்கள். அதில் பாதி சரி. அந்த 78 விமானங்களும் ஓர் எண்ணெய்க் கப்பல் மேல் அலைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் ஷோஹோ மூழ்கியது, யார்க்டவுனும் லெக்சிங்டனும் ஒரு கீறல் இல்லாமல் இருந்தன. அன்று சாயங்காலம் ஆத்திரத்தில் ஜப்பானியர்கள் மறுபடி 27 விமானத்தை அனுப்பினார்கள். இருட்டில் வழி தவறி, சிலர் யார்க்டவுனையே தங்கள் கப்பல் என்று நினைத்து இறங்கப் பார்த்த கதையும் அதில் உண்டு. தேர்ந்த விமானிகள் பலர் அன்று போனார்கள். மறுநாள் லெக்சிங்டன் மூழ்கியது, ஆனால் போர்ட் மோர்ஸ்பிக்குப் போன படையெடுப்பு திரும்பிவிட்டது.

மீதிப் பாதியில் எனக்கு உடன்பாடு இல்லை. நெச்சஸ் மூழ்கியதற்கே ஒரு விமானந்தாங்கிப் படை திரும்பியது என்றால், நியோஷோ என்பது எப்பேர்ப்பட்ட இலக்கு! டிப்பகனோ தன் எண்ணெயைக் கொடுத்து முடித்துவிட்டு முன்பே அனுப்பப்பட்டிருந்தது. அந்தக் கடலில் ஃபிளெட்சரின் கையில் மிச்சம் இருந்த பெரிய எண்ணெய்க் கப்பல் இது ஒன்றுதான். சண்டை இன்னும் ஒரு வாரம் இழுத்திருந்தால் அவர் கப்பல்களை என்ன ஊற்றி ஓட்டியிருப்பார்? தகாஹாஷி எரிச்சலோடு போட்ட குண்டுகள் அவர் நினைத்ததைவிட நல்ல இடத்தில்தான் விழுந்தன. அந்தக் கடற்படைக்கு எண்ணெய்க் கப்பலை மதிக்கத் தெரியவில்லை, எதிரியுடையதையும் சரி, தங்களுடையதையும் சரி. 1944-இல் அமெரிக்க நீர்மூழ்கிகள் அவர்களுடைய டேங்கர்களைத் தேடித் தேடி அடித்தபோது, மிச்சம் இருந்த போர்க்கப்பல்களை எங்கே நிறுத்துவது என்பதைக்கூட எண்ணெய் கிடைக்கும் இடம் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

தேடிப்போன கப்பல்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஹென்லியை 1943 அக்டோபரில் நியூ கினியா பக்கம் ஒரு நீர்மூழ்கி டார்பிடோ போட்டு முடித்தது. வெறும் கடலைப் பார்த்துத் திரும்பிய மோனகன் இன்னும் இரண்டரை வருஷம் ஓடியது. 1944 டிசம்பரில் அமெரிக்க அட்மிரல் ஹால்ஸியின் படை பிலிப்பைன்ஸுக்குக் கிழக்கே எண்ணெய் ஊற்ற முயன்று, கடல் கொந்தளித்துக் குழாய்கள் அறுந்து, நாளைக்குப் பார்க்கலாம் நாளைக்குப் பார்க்கலாம் என்று இடம் மாற்றிக்கொண்டே இருந்து, நேராகச் சூறாவளிக்குள் போய் மாட்டியது. மூன்று நாசகாரிகள் கவிழ்ந்தன. மோனகன் அதில் ஒன்று. பிழைத்தவர்கள் ஆறு பேர்.

பெயர் மட்டும் ஓயவில்லை. 1942-லேயே வேறொரு டேங்கருக்கு நியோஷோ என்று பெயர் வைத்துப் பசிபிக்குக்கு அனுப்பினார்கள். 1954-இல் புதிதாகக் கட்டிய பெரிய எண்ணெய்க் கப்பல் வரிசைக்கே அந்தப் பெயர் போயிற்று. அந்த மூன்றாவது நியோஷோவில் 1978-இல் கடற்படை மாலுமிகளை இறக்கிவிட்டுச் சிவிலியன் சிப்பந்திகளை ஏற்றினார்கள். இப்போது அமெரிக்காவின் எண்ணெய்க் கப்பல்கள் எல்லாமே அப்படித்தான். சீருடை இல்லாத, சம்பளத்துக்கு வேலை செய்யும் கடலோடிகள் ஓட்டுகிறார்கள்.

நம் பக்கத்திலும் ஒன்று வந்து போனது. 2022 ஆகஸ்டில் எண்ணூரைத் தாண்டி இருக்கும் காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்துக்கு சார்லஸ் ட்ரூ என்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பல் பழுதுபார்க்க வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்றை இந்தியாவில் பழுதுபார்த்தது அதுதான் முதல் தடவை. செய்திகளில் படத்தோடு வந்தது, பார்த்திருப்பீர்கள். அது போர் செய்யும் கப்பல் அல்ல. நடுக்கடலில் மற்ற கப்பல்களுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டே வெடிமருந்து, சாப்பாடு, கூடவே எரிபொருளும் கொடுக்கிற கப்பல். அதன் படத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். டெக்கின் இரு பக்கமும் உயரமாக நிற்கும் இரும்புச் சட்டங்கள் சரக்கு ஏற்றும் கிரேன் என்று தோன்றும். வடத்தையும் குழாயையும் அடுத்த கப்பலுக்குக் கடத்துவது அவைதான்.